சந்தனம் அடைத்த எழுத்துகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்தது. அது என்ன வேலை என்று பெரம்பலூரில் ஒருவருக்கும் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. உயிரணுவுக்குள் ஆர்.என்.ஏ. என்று ஒரு பொருள் நூல் மாதிரி இருக்கிறது, அதில் நான்கே எழுத்துகள் மாறி மாறி வருகின்றன, அந்த நூல் எப்படி மடங்கிக்கொள்கிறது என்று கணிப்பொறியை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் ஆரம்பித்தால், கேட்கிறவர் பாதியிலேயே "அப்ப டாக்டர் வேலை இல்லியா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். இன்று அந்தத் துறைக்கு உயிர்த்தகவலியல் என்று பெயர் வைத்துத் தனிக் கட்டடமே கட்டியிருக்கிறார்கள். அன்று அதற்கு எங்கள் பக்கத்தில் பெயர்கூடக் கிடையாது. அப்பா மட்டும் கொஞ்சமும் தயங்காமல் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் பொண்ணு எழுத்து எண்ணுற ஆபீசுல இருக்கு."

அப்பாவுக்கு வேப்பந்தட்டை பஸ் போகிற ரோட்டில் சைக்கிள் கடை. அவருடைய அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். இவர் ஒரு பம்பும் இரண்டு ஸ்பேனரும் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்து, பிறகு தகரக் கொட்டகை போட்டு, பிறகு கடையும் பின்னால் வீடுமாக ஆனவர். பஞ்சர் ஒட்டுவதைக்கூட ஒரு அதிகாரத்தோடு செய்வார். அவருடைய முன்கோபம் அப்படியே எனக்கு வந்திருக்கிறது என்று அம்மா தினம் ஒரு தடவையாவது சொல்லுவாள். சொன்னால் எங்கள் இரண்டு பேருக்குமே கோபம் வரும்.

வேலை சென்னையில் என்றாலும் மாதத்தில் பெரும்பாலும் நான் வீட்டில்தான் இருந்தேன். பல்கலைக்கழகத்துக் கணிப்பொறிக்கு அவ்வளவு கூட்டம். என் பேராசிரியர் திருச்சியில் ஓர் இடத்தில் வாரம் ஒரு காலை இரண்டு மணி நேரம் கணிப்பொறியைப் பயன்படுத்த அனுமதி வாங்கியிருந்தார். "உங்க ஊர்லேர்ந்து திருச்சி பக்கம்தானே? வீட்டிலேயே வேலை பாருங்க. மாசம் ஒரு தடவை வந்து காட்டுங்க" என்றார். அதனால் உள்ளறைத் தரையில் வரைபடத் தாளைப் பரப்பிக்கொண்டு நான் எழுத்துகளை வரிசைப்படுத்துவேன். முன்பக்கம் அப்பா ரிம்மைச் சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். சென்னைக்குப் போக வேண்டுமென்றால் அரியலூருக்கு பஸ், அங்கிருந்து ரயில்.

வேலையின் அடிப்படை மிகவும் எளிது. எழுத்துகள் நான்கு: ஏ, யூ, ஜி, சி. இந்த நூல் நீட்டமாகக் கிடக்காது, தன்மேல் தானே மடங்கும். மடங்கும்போது ஏ-க்கு எதிரே யூ வந்து நிற்கும், ஜி-க்கு எதிரே சி. நாங்கள் எடுத்துக்கொண்டது நூற்றிருபது எழுத்து கொண்ட ஒரு சின்ன நூல். அது எங்கே மடங்குகிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. ஆனால் அந்த நூல் எல்லா உயிரிலும் இருக்கிறது. அதனால் கோதுமை, கோழி, தவளை, பட்டுப்புழு, மனிதன் என்று நாற்பது உயிர்களின் எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி ஒப்பிட்டுப் பார்த்தோம். அந்த எழுத்துகளை உலகத்தில் யார் யாரோ ஆய்வுக்கூடங்களில் கஷ்டப்பட்டுப் படித்து இதழ்களில் போட்டிருந்தார்கள். நான் நூலகத்தில் உட்கார்ந்து அவற்றை ஒரு நோட்டில் கையால் எழுதி எடுத்திருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்ட தட்டை நகர்த்திவைத்துவிட்டு, கோதுமையின் வரிசையில் முப்பதாவது எழுத்தின்மேல் இடது ஆள்காட்டி விரலை வைத்தேன். ஜி. அது மடங்கினால் எதிரே வரக்கூடும் என்று நான் சந்தேகப்பட்ட இடத்தில் வலது விரலை வைத்தேன். சி. சரி, ஜோடி. அடுத்த வரி தவளை. அதில் முப்பதாவது எழுத்து ஏ-ஆக மாறியிருந்தது. போச்சு, ஜோடி உடைந்தது என்று நினைத்துக்கொண்டே வலது விரலைக் கீழே இறக்கினேன். அங்கேயும் சி இல்லை. யூ இருந்தது.

அடுத்த வரிக்குப் போனேன். இடது பக்கம் சி, வலது பக்கம் ஜி. அதற்கடுத்தது மறுபடி ஜி, சி. ஒன்று மாறிய இடத்திலெல்லாம் எதிரே இருந்ததும் கூடவே மாறியிருந்தது. கோதுமைக்கும் தவளைக்கும் நடுவே எத்தனை கோடி வருஷம் ஓடியிருக்கும்? அத்தனை காலமும் எழுத்து போனாலும் போகட்டும் என்று விட்டுவிட்டு, ஜோடியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது ஏதோ ஒன்று. எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே முழங்கைவரை சிலிர்த்து நின்றது, நான் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன்.

தரையில் உட்கார முடியாமல் எழுந்து கடைப்பக்கம் வந்தேன். அப்பா ஒரு டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். செட்டிகுளத்துக்காரர் ஒருவர் கேரியரில் சின்ன வெங்காய மூட்டையோடு காத்திருந்தார். ஓர் ஆடு வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. அப்பாவுக்குள், வெங்காயக்காரருக்குள், ஆட்டுக்குள், மூட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு வெங்காயத்துக்குள்ளும் அந்த நூல் இந்த நிமிஷம் மடங்கி ஜோடி சேர்ந்து நிற்கிறது என்று நினைத்தேன். யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

"என்னா பாப்பா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அந்த மடிப்பு மொத்தமே நான்கு ஜோடிதான். முப்பதாவது எழுத்தை ஒட்டி ஒரு கை, கொஞ்சம் தள்ளி மறு கை. ஆனால் அதை அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. பேராசிரியரிடம் காட்டியபோது அவரும் விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார். பிறகு, "நாற்பதிலும் நிக்குதான்னு கணிப்பொறியில ஓட்டிப் பாருங்க. கமிட்டிக்கு அதைத்தான் கொண்டுபோகணும்" என்றார். என் வேலை ஒரு வருஷத்துக்குத்தான் போட்டிருந்தது. ஐப்பசியில் கமிட்டி கூடி, மேலும் மூன்று வருஷம் நீட்டுவதா, இத்தோடு முடிப்பதா என்று முடிவு செய்யும். வேலை போவது ஒரு பயம். நான் அந்த மத்தியானம் பார்த்தது பொய்யாகிப்போனால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பயம்.

அந்தக் காலத்தில் கணிப்பொறிக்கு எதைச் சொல்வதானாலும் அட்டையில் துளை போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஓர் எழுத்துக்கு மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் இரண்டு துளை. மேல்விளிம்புப் பக்கம் ஒன்று. கீழே எண்கள் அச்சடித்த பகுதியில் இன்னொன்று. அந்தக் கீழ்த்துளை ஒன்றில் விழுந்தால் ஏ, மூன்றில் விழுந்தால் சி, ஏழில் ஜி, நான்கில் யூ. துளை போடும் மெஷினில் மை நாடா தீர்ந்துபோயிருந்ததால் அட்டையின் தலையில் எழுத்து அச்சாகவில்லை. வெறும் துளைகள்தான். ஓர் உயிருக்கு இரண்டு அட்டை. நாற்பது உயிருக்கு நாற்பது ஜோடி அட்டைகள். ஒவ்வொரு ஜோடிக்கும் அப்பா பழைய டியூப்பை வளையம் வளையமாக நறுக்கி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்திருந்தார். எல்லாவற்றையும் ஒரு செருப்பு டப்பாவில் அடுக்கி வைத்திருந்தேன். அப்பா அதை "ஓட்டை அட்டை" என்பார், ஆனால் யாரையும் தொட விடமாட்டார்.

கமிட்டிக்கு முந்தைய வாரம் ஆயுத பூஜை வந்தது. கடையில் அது பெரிய நாள். முதல் நாளே எல்லாச் சாமானையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, ஸ்பேனரிலிருந்து ஊசிப்பின் வரைக்கும் ஒன்று விடாமல் வரிசையாக வைப்பார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். ஒன்றை விட்டாலும் அது வருஷம் முழுக்க முறைத்துக்கொண்டு வேலை செய்யாது என்பது அவர் கட்சி. ஆனால் உடைந்த சாமானுக்கும் உபயோகத்தில் இல்லாத சாமானுக்கும் வைக்க மாட்டார். உழைக்கிறதுக்குத்தான் மரியாதை. நான் பள்ளிக்கூடத்துப் புத்தகங்களை வைக்கிற இடத்தில் அந்த வருஷம் என் செருப்பு டப்பாவைச் சாமி மாடத்துக்குக் கீழே வைத்தேன். பூஜை முடிந்து மறுநாள் எடுக்கிறவரை படிக்கவோ பார்க்கவோ கூடாது என்பது வழக்கம். திருச்சிக்குப் போகுமுன் அட்டைகளை ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று பூஜையன்று சாயந்திரம் கை வைத்தேன்.

"தொடாத! நாளைக்குத்தான்" என்று அப்பா அதட்டினார்.

மறுநாள் எடுத்தபோது டப்பாவிலிருந்து சந்தன வாசனை கமகமவென்று வந்தது. மாடத்துக்குக் கீழே இருந்த வாசனை என்று நினைத்துக்கொண்டேன். வெளியே பார்த்தால் அட்டைகள் எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தன.

அதற்கடுத்த நாள் காலை திருச்சியில் ஓட்டினேன். மெஷின் சடசடவென்று அட்டைகளை விழுங்கியது. அரை மணி நேரத்தில் மடிப்பு மடிப்பாகத் தாள் வந்து விழுந்தது. நின்றபடியே என் மடிப்பைத் தேடினேன். நாற்பதில் இருபத்தொன்பது உயிரில் நான்கு ஜோடியும் கச்சிதமாக நின்றன. பதினோரு உயிரில் மூன்றுதான். ஒரு ஜோடியில் இடது பக்கத்து எழுத்தே இல்லை. அதன் இடத்தில் ஒரு சிறு கோடு. எங்கள் நிரலில் அந்த நான்கு எழுத்தில் ஒன்றாகப் படிக்க முடியாத எந்த இடத்துக்கும் கோடு போடும்படி எழுதியிருந்தோம். இயற்கையில் அப்படி எழுத்து உதிர்ந்துபோவதும் உண்டுதான். நாற்பதில் நாலு தப்பினால் சமாளிக்கலாம். பதினொன்று தப்பினால் எந்தக் கமிட்டியும் ஒப்புக்கொள்ளாது. அடுத்த வாரம்வரை மறுபடி கணிப்பொறி கிடையாது. நோட்டும் சென்னையில் பேராசிரியர் அலமாரியில் இருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா ரசம் ஊற்றியபோது, "வேலை போயிடும்மா" என்று மட்டும் சொன்னேன். அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை, கவலை என்று நினைத்தேன்.

மறுநாள் அப்பா கடையை அரை நாள் மூடிவிட்டு என்னை ரயிலேற்ற அரியலூர் வந்தார். அதற்கு முன் ஒரு தடவைகூட அப்படிக் கடையை மூடியதில்லை. பஸ்ஸில் டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடி ரோட்டோர வேப்பமரங்கள் வெளுத்துக் கிடந்தன. ஸ்டேஷனுக்குப் போனால் ரயில் தாமதம். கமிட்டி மறுநாள் காலை. பிளாட்பாரத்துக் கல்பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா ரெண்டு பன்னும் டீயும் வாங்கி வந்தார்.

"போனா போவுது. உலகத்துல வேற வேலையா இல்ல?" என்றார். அவர் குரலில் வழக்கமான அதிகாரம் இல்லை.

நான் தாளைப் பெஞ்சின் நீளத்துக்கு விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். புண்ணை நோண்டுகிற மாதிரிதான். முந்தின நாள் முழுக்க நான் கோடுகளையே பார்த்திருந்தேன். இப்போது, வேறு பார்க்க ஒன்றுமில்லாமல், கோடுகளுக்கு எதிரே இருந்த எழுத்துகளைப் பார்த்தேன்.

எதிரே எல்லாம் ஒழுங்காக இருந்தன. அதுதான் என்னை நிறுத்தியது. ஓர் உயிரில் இடது எழுத்து எப்போதோ உதிர்ந்துபோயிருந்தால், எதிரே இருக்கும் எழுத்துக்கு அதற்குப் பிறகு யாருக்கும் கட்டுப்பட வேண்டிய அவசியம் இல்லை. அது இஷ்டத்துக்கு மாறியிருக்க வேண்டும். கோழியில் ஒன்று, கோதுமையில் ஒன்று என்று சிதறியிருக்க வேண்டும். இங்கே ஒன்றுகூடச் சிதறவில்லை. ஒவ்வொன்றும் அந்தந்த உயிரின் நெருங்கிய சொந்தங்களில் எப்படி இருந்ததோ அப்படியே, எதிரே துணை இருப்பது போலவே நின்றது. பதினோரு கோடுகளும் நாலாயிரத்து எண்ணூறு இடத்தில் வேறெங்கும் விழாமல் அட்டையின் நடுவில் நான்கு இடத்துக்குள்ளேயே விழுந்திருந்தன.

எழுத்து போகவில்லை. இருக்கிறது. யாரோ மறைத்திருக்கிறார்கள்.

டப்பாவைத் திறந்து, கோடு விழுந்த உயிர்களில் முதலில் கைக்கு வந்த கட்டை எடுத்து, கோழியின் முதல் அட்டையை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். துளைகள் வழியே வெளிச்சம் வந்தது. நடுவில், மேல்விளிம்பை ஒட்டி, ஒரே ஒரு துளையில் வரவில்லை. நகத்தால் தொட்டேன். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. மூக்கில் வைத்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

"அப்பா," என்றேன், "இதுல சந்தனம் வச்சீங்களா?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எல்லாத்துக்கும் ஒரு பொட்டு வச்சேம்மா. ஒவ்வொரு கட்டுலயும் மேல இருக்கற அட்டைக்கு. ஒண்ண விட்டுட்டு ஒண்ணு வச்சா நல்லாருக்காதுன்னு நாப்பதுக்கும் வச்சேன். உங்கம்மா பாத்துட்டு, ஐயய்யோ அவ கத்துவாளேன்னு முந்தானையால தொடச்சிட்டா. சுத்தமாத்தான் இருந்துச்சு. நேத்து நீ வேலை போயிடும்னு சொன்னதுலேர்ந்து எனக்கு இதேதான் நெனப்பு. கேக்கப் பயமா இருந்துச்சு."

நான் கத்தினேன். பிளாட்பாரம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஏழு மாச உழைப்பு என்றேன், படிக்காதவங்களுக்கு என்ன தெரியும் என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். எங்கள் தெருவில் யார் குரல் உயர்ந்தாலும் அதற்குமேல் உயரும் குரல் உடையவர் அப்பா. அன்று தலையைக் குனிந்துகொண்டு பன்னைப் பொட்டலத்தில் திரும்பச் சுற்றினார். அந்தக் கைகளை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்: "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. நான்தான் அடைச்சிட்டேனே. மெஷினுக்கே தெரியல. அங்க எழுத்து இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

கோபத்தோடுதான் சொல்ல ஆரம்பித்தேன். எதிரே இருக்கற எழுத்து சொல்லுதுப்பா என்றேன். ஏ-க்கு யூ, ஜி-க்கு சி என்று தாளில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"டியூப்ப தண்ணில முக்கினா ஓட்டை எங்கன்னு அதுவே சொல்லுமே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

"அப்ப என்ன எழுத்து மறைஞ்சிருக்குன்னும் அது சொல்லுமா?"

சொல்லும். சொல்ல வேண்டும். என் மடிப்பு நிஜமாக இருந்தால் அட்டையைப் பார்க்காமலே நான் ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிவிட முடியும். மேல்துளைதான் அடைந்திருக்கிறது. கீழே எண் பகுதியில் துளை அப்படியே இருக்கும். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும்.

அவரிடம் டப்பாவைக் கொடுத்து, பெஞ்சின் அந்த ஓரத்துக்குப் போகச் சொன்னேன். கோழியைத்தான் கையில் எடுத்துவிட்டேன், ஆனால் கீழ்த்துளையைப் பார்த்திருக்கவில்லை. இருந்தாலும் நிச்சயத்துக்காக அதைப் பின்னுக்குத் தள்ளிவைத்தேன். தாளில் பதினோரு கோடுகளின் ஓரத்திலும், எதிரே இருந்த எழுத்தை மட்டுமே பார்த்து, பென்சிலால் ஒவ்வோர் எழுத்தை எழுதினேன். எழுதி முடித்ததும் பென்சிலை அப்பாவிடமே கொடுத்துவிட்டேன், மனசு மாறித் திருத்திவிடக் கூடாது என்று.

"கோதுமை," என்றேன். "நான் சொல்றது ஜி. ஏழு இருக்கணும்."

அப்பா அட்டையை வெயிலில் பிடித்தார். அடைந்த துளையிலிருந்து விரலைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். "ஏழு" என்றார்.

"தவளை. ஏ. ஒண்ணு இருக்கணும்."

"ஒண்ணு."

"இது சி. மூணு."

"மூணுதான் பாப்பா."

ஐந்தாவதில் அவர் குரல் இறங்கிவிட்டது, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி. எங்கள் எதிரே சிமெண்டு மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று நின்றிருந்தது. யார் யாரோ போனார்கள், வந்தார்கள். எங்கோ ஒரு கோழிக்குள், ஒரு கோதுமைச் செடிக்குள் இருந்த ஒன்று, மறைத்துவைத்தாலும் கண்டுபிடிக்கும்படி தன்னை எழுதிவைத்திருந்தது. அதை அரியலூர் பிளாட்பாரத்தில் ஒரு சைக்கிள் கடைக்காரர் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாவதில் தப்பு வந்தது. நான் ஏ என்று எழுதியிருந்தேன், எதிரே யூ இருந்ததால். அப்பா இரண்டு தடவை பார்த்துவிட்டு மெதுவாக, "ஏழுல்ல இருக்கு" என்றார். ஏழு என்றால் ஜி. தாளை மறுபடி பார்த்தேன். பிறகுதான் நினைவு வந்தது: யூ-வுக்கு எதிரே ஜி-யும் நிற்கும். கொஞ்சம் தளர்வான ஜோடி, ஆனாலும் ஜோடிதான். அதை நானே பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப இது கணக்குல சேத்தியா இல்லியா?" என்று கறாராகக் கேட்டார்.

"தப்புன்னே போடுங்க. நான் சொன்னது ஏ."

அவர் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். மற்றவற்றுக்கெல்லாம் டிக். கோழியும் சரியாக வந்தது. பத்து முடிந்து, கடைசியாகப் பட்டுப்புழு மட்டும் இருந்தது. அதன் அட்டையை எடுத்த அப்பா அதைப் பார்க்காமலே திருப்பி ரப்பர் வளையத்தில் போட்டார்.

"இதப் பாக்க வேணாம். நீயும் பாக்காத. அப்படியே எடுத்துட்டுப் போ. அங்க இருக்கறவங்க நம்பலன்னா அவங்கள பாக்கச் சொல்லு" என்றார்.

ரயில் வந்தது. டப்பாவை ஜன்னல் வழியே என்னிடம் கொடுத்தார். மன்னிச்சுக்கங்கப்பா என்று சொல்ல நினைத்தேன். "பன்ன சாப்புடுங்க" என்றுதான் வாயில் வந்தது.

மறுநாள் காலை கமிட்டியில் மூன்று பேர். பேராசிரியரிடம் முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அலமாரியிலிருந்த நோட்டை எடுத்துத் திறக்கப் போனவர், பிறகு அதை மூடிய மேனிக்கே மேஜைமேல் வைத்துக்கொண்டார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன், சந்தனம் உட்பட. இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாமவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர், சிரிக்கவில்லை.

"பத்துல ஒன்பது சரி, ஒண்ணு தளர்வான ஜோடி. சரி. ஆனா விடையைப் பார்த்துட்டு நீங்க எழுதலைன்னு நாங்க எப்படி நம்பறது? இந்தச் சோதனையைப் பண்ணினது யாரு?"

"எங்கப்பா சார்."

"அவர் என்ன பண்றார்?"

"பெரம்பலூர்ல சைக்கிள் கடை வச்சிருக்கார்."

நான் டப்பாவிலிருந்து பட்டுப்புழுவின் கட்டை எடுத்து, டியூப் வளையத்தைக் கழற்றாமலே அவர் முன்னால் வைத்தேன். "இதை இன்னும் யாரும் பாக்கல சார். எதிரே சி இருக்கு. அதனால ஜி. ஏழு இருக்கணும்" என்றேன். இது தப்பினால் அந்த மத்தியானமே தப்பு.

அவர் வளையத்தைக் கழற்றினார். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். அப்பாவைப் போலவே விரலை மேலிருந்து கீழே இறக்கினார். பிறகு அட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"ஏழு" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு இன்னொரு தடவை, யாரிடமும் இல்லாமல், "ஏழு" என்றார்.

வேலை மூன்று வருஷம் நீண்டது. உத்தரவு தபாலில் வந்தபோது அப்பா அதைக் கடையில் பம்புக்கு மேலே ஆணியில் குத்தி வைத்துவிட்டார். மசியோடு மசியாக அது ஒரு மாசம் அங்கேயே தொங்கியது.

அடுத்த ஆயுத பூஜைக்கும் நான் வீட்டில் இருந்தேன். அட்டைகள் இரண்டு டப்பாவாகப் பெருகியிருந்தன. அப்பா சந்தனக் கிண்ணத்தோடு ஸ்பேனர், சுத்தியல், பம்பு என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். டப்பாக்கள் பக்கம் வந்ததும் விரலை உயர்த்தியபடியே நின்றார், பிறகு அவற்றைத் தாண்டி வீட்டுக் கதவுக்கு வைத்தார். ஒன்றைக்கூட விடாத மனுஷர் என் டப்பாவை விட்டுவிட்டுப் போவதை என்னால் பார்க்க முடியவில்லை. துளை போடாத ஒரு வெற்று அட்டையை எடுத்து நீட்டினேன்.

"இதுல வைங்கப்பா."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வேலை செய்யற சாமான் இல்லியே" என்றார். "வேணாம் பாப்பா. போன வருஷம் பட்டது போதும்."

நான் டப்பாவைத் திறந்தேன். ரப்பர் வளையத்தை உருவி, கோழியின் முதல் அட்டையை எடுத்து அவர் முன்னால் பிடித்தேன். மறுநாள் திருச்சியில் ஓட வேண்டிய அட்டைதான்.

"இதுல வைங்க. நடுவுலயே வைங்க."

"அடைச்சுக்குமே."

"அடைச்சா அடைக்கட்டும். எதிர்ல இருக்கறது சொல்லிடும்ல" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு விரலைக் கிண்ணத்தில் தோய்த்து, இதுவரை எந்த ஸ்பேனருக்கும் வைக்காத அளவுக்குப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். அம்மா சமையலறையிலிருந்து "ஐயய்யோ" என்று முந்தானையோடு ஓடி வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் தொட விடவில்லை.